உயிர்காத்த பொய்யும் இலக்கிய உண்மையும்

நாஸிகளின் வதைமுகாம்களிலிருந்து மீண்டோர் எழுதிய நூல்களைப் படிக்கும் எவரும் ஒரு செய்தியைக் கவனியாதிருத்தல் இயலாது. அந்நூல்களில் வரும் கைதிகள் ஓயாது பொய் சொல்கின்றனர். வயதை மாற்றிச் சொல்கின்றனர், தொழிலை மாற்றிச் சொல்கின்றனர், நோயை மறைக்கின்றனர், இறந்தவனின் பெயரைத் தம் பெயராக்கிக்கொள்கின்றனர், அருகிற் கிடப்பவனுக்கு இல்லாத நற்செய்தியை உண்டென்று உரைக்கின்றனர். ஐரோப்பிய யூத மக்களில் ஏறத்தாழ 60 இலட்சம் பேரைக் கொன்றொழித்த ஒரு கொடுமையைப் பற்றிய இலக்கியத்தில் இப்பொய்கள் பெறும் இடம் யாது? அவற்றை விமர்சகன் எவ்வாறு மதிப்பிடுவது?

இவ்வினாவுக்கு இருவகைத் தவறான விடைகள் வழங்கிவருகின்றன. பாசிஸத்துக்கு வக்காலத்து வாங்குவோர் கூறும் விடை ஒன்று. பொய் சொன்னதாகத் தாமே ஒப்புக்கொள்பவர்களின் சாட்சியத்தை எவ்வாறு நம்புவது என்று அவர்கள் கேட்கின்றனர். மற்றையது பக்தியுணர்வினால் எழுவது. துன்புற்றோர் யாவரும் தூயோர். ஆதலின் அவர்தம் பொய்களும் தூயவை. அவற்றை ஆராய்தல் பாவம் என்பது அது. முன்னையது கயமை, பின்னையது நல்லெண்ணத்தாற் பிறந்த மயக்கம். ஆயினும் இரண்டும் ஒரே தவறைச் செய்கின்றன. பொய்யை அது பிறந்த சூழலிலிருந்து பிரித்தெடுத்துத் தனிமனிதரின் குணமாகவே நோக்குகின்றன. எந்த நிலைமையில் அப்பொய் சொல்லப்பட்டது, அது யாரைக் காத்தது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்னும் மூன்று கேள்விகளையும் ஒருங்கே கேட்டாலன்றி இவ்விலக்கியத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்பது எமது கருத்து.

ஹங்கேரிய எழுத்தாளர் இம்றே கேர்ட்டெஸ் 2002ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஓர் ஆவணத்தைக் குறிப்பிட்டார். பூகன்வால்ட் முகாமின் 1945 பெப்ரவரி 18ஆம் திகதிய நாளறிக்கை அது. இறந்தோரைக் குறிக்கும் பகுதியில் அவருடைய கைதி எண் காணப்பட்டது. பிறந்த ஆண்டு 1927 என்றும், தொழிற்சாலைத் தொழிலாளி என்றும் பதியப்பட்டிருந்தது. அவர் பிறந்ததோ 1929இல். அவர் பள்ளி மாணவர். அன்று அவர் இறக்கவுமில்லை. ஆக ஒரே பதிவில் மூன்று பொய்கள். முதலிரண்டும் 14 வயதுச் சிறுவன் தன் வாயாற் சொன்னவை. மூன்றாவது வேறொருவர் கையால் எழுதப்பட்டது. 1975இல் வெளிவந்த அவரது முதல் நாவலிலும் இப்பொய் இடம்பெறுகிறது. அவுஷ்விற்ஸில் புகையிரதம் வந்து நின்றதும், பழைய கைதிகள் பெட்டிகளில் ஏறி, பதினாறு வயதென்று சொல்லுமாறு சிறுவர்களின் காதில் ஓதுகின்றனர். எலி வீசலின் நூலிலும் இதுவே நிகழ்கிறது. 15 வயது மகன் 18 என்றும், 50 வயதுத் தந்தை 40 என்றும் கூறும்படி முன்பின் அறியாத ஒருவன் கடிந்துரைக்கிறான். தெரிவு செய்யும் வைத்தியன் தொழிலைக் கேட்டபோது, மாணவனாகிய மகன் தன்னை உழவன் என்கிறான்.

இப்பொய்களின் பொருளை அறிய, அக்கேள்விகளின் நோக்கத்தை முதலில் அறிதல் வேண்டும். 1944 மே 15 முதல் யூலை 9 வரை ஹங்கேரியிலிருந்து ஏறத்தாழ 4,37,000 யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் அவுஷ்விற்ஸுக்கே அனுப்பப்பட்டனர். அவர்களுள்ளும் பெரும்பாலோர் வந்திறங்கிய அன்றே நச்சுவாயுவுக்கு இரையாயினர். எஞ்சியவர்கள் வேலைக்கென்று ஒதுக்கப்பட்டவர்கள். அவுஷ்விற்ஸுக்கு அருகில் மொனோவிற்ஸ் என்னுமிடத்தில் ஐ.ஜி. பார்பன் என்னும் இரசாயனப் பெருநிறுவனம் செயற்கை இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தது. அங்கு உழைத்த கைதி ஒருவனுக்கு நாளொன்றுக்குத் தொழில் தெரிந்தவனாயின் 4 மார்க், தெரியாதவனாயின் 3 மார்க் என்று அந்நிறுவனம் எஸ்.எஸ். படைக்கு வாடகை செலுத்தியது. கைதிக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. எனவே 'உன் வயதென்ன, உன் தொழிலென்ன' என்ற கேள்வி, இம்மனித உடலிலிருந்து எத்தனை நாள் உழைப்பைப் பிழிந்தெடுக்கலாம் என்று சந்தையிற் பார்க்கும் கணக்கேயாகும். அக்கணக்கில் குழந்தைக்கும் முதியவனுக்கும் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் விலை இல்லை. அச்சிறுவர்கள் தம் வயதை உயர்த்திச் சொன்னது, முதலாளித்துவத்தின் மிகக் கொடிய வடிவம் தம்மீது குறித்த விலைச்சீட்டைத் திருத்தியதற்கு ஒப்பானது.

இத்தாலிய எழுத்தாளர் பிறிமோ லெவியின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1943 டிசெம்பரில் பாசிஸப் படையினரிடம் அகப்பட்டபோது, எதிர்ப்பியக்கப் போராளி என்று ஒப்புக்கொண்டால் கொல்லப்படுவோம் என அஞ்சி, தாம் யூதர் என்ற உண்மையையே அவர் கூறினார். அவ்வுண்மை அவரை அவுஷ்விற்ஸுக்குக் கொண்டு சென்றது. அவர் ஏறிய புகையிரதத்தில் இருந்தோர் 650 பேர். அவர்களுள் 96 ஆண்களும் 29 பெண்களுமே முகாமுக்குள் அனுமதிக்கப்பட்டனர். ஏனையோர் இரு நாட்களுள் மாண்டனர். பின்னர் அவர் தம்மை இரசாயனவியலாளர் என்று கூறியதும் உண்மையே. அவ்வுண்மை அவரைக் குளிர்காலத்தில் ஆய்வுகூடத்தின் கூரைக்கீழ் நிறுத்தி உயிர்காத்தது. ஆகவே முகாமில் உண்மைக்கு ஒரு பலன், பொய்க்கு வேறொரு பலன் என்று விதி இருக்கவில்லை. கேட்பவனுக்கு எது பயன்படுமோ அதுவே உயிர்காக்கும் விடையாயிற்று.

கைதியின் பொய்யைத் தனித்து நோக்குவோர் மறந்துவிடும் மற்றொரு செய்தியும் உண்டு. முகாமே பொய்யின் மீது கட்டப்பட்டது. உழைப்பு விடுதலை தரும் என்ற வாசகம் அவுஷ்விற்ஸின் வாயிலில் இரும்பு எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டிருந்தது. நச்சுவாயு அறைகள் குளியலறைகள் எனப்பட்டன. கொலை 'சிறப்பு நடவடிக்கை' என்ற பெயரோடு ஏடுகளில் ஏறியது. தெரேசியன்ஸ்ராட் சேரியிலிருந்து 1943 செப்ரெம்பரில் கொண்டுவரப்பட்டுத் தனிப்பகுதியில் ஆறு மாதம் வைக்கப்பட்டிருந்தோரில் ஏறத்தாழ 3,800 பேர் 1944 மார்ச் 8ஆம் திகதி இரவு கொல்லப்பட்டனர். அதற்கு முன்னர், தாம் நலமாயிருப்பதாக உறவினருக்கு அஞ்சலட்டை எழுதுமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். அட்டைகளில் இடப்பட்ட திகதி அவர்கள் இறந்த நாளுக்குப் பிந்தியது. சுடப்பட்டோரும் ஊசியேற்றிக் கொல்லப்பட்டோரும் இருதய நோயினால் இறந்தனர் என்று சான்றிதழ் தட்டச்சுச் செய்யும் வேலையும் கைதிகள் தலையிலேயே சுமத்தப்பட்டது. இத்தகைய இடத்தில் கைதி வைத்தியர்கள் செய்ததையும் ஒப்புநோக்குவோம். 1942 ஆகஸ்டில் அவுஷ்விற்ஸின் காய்ச்சல் நோயாளர் கூட்டமாக நச்சுவாயுவுக்கு அனுப்பப்பட்ட பின்னர், 'டைபஸ்' என்று எழுதவேண்டிய இடத்தில் சாதாரண இன்புளுவென்சா என்று எழுதிவைத்தனர் அவ்வைத்தியர்கள். அரசு சாவை நோயென்று எழுதிற்று. கைதியோ நோயைச் சிறிதாக்கி எழுதிச் சாவைத் தள்ளிவைத்தான். இரண்டையும் பொய் என்ற ஒரே சொல்லால் குறிப்பதோடு எமது பணி முடிந்துவிடாது.

உயிரைக் காக்க உணவும் கூரையும் மட்டும் போதா. நாளை என ஒன்றுண்டு என்ற எண்ணமும் வேண்டும். இங்கே மற்றொரு வகைப் பொய் பிறக்கிறது. யூறெக் பெக்கர் 1969இல் வெளியிட்ட 'பொய்யன் யாக்கோப்' என்னும் நாவல் இதனையே பொருளாகக் கொண்டது. போலந்தின் யூதச் சேரி ஒன்றிலே, காவல் நிலையத்து வானொலியில் ரஷ்யப் படை நெருங்கி வருகிறதென்ற செய்தியைத் தற்செயலாகக் கேட்கிறான் யாக்கோப். அதை நம்பவைப்பதற்காகத் தன்னிடம் வானொலிப் பெட்டி இருப்பதாகச் சொல்லிவிடுகிறான். அன்றிலிருந்து நாள்தோறும் புதுச்செய்தி கேட்டு வரும் மக்களுக்காகப் போர்முனையைத் தன் கற்பனையில் நகர்த்திக்கொண்டே போகவேண்டியவனாகிறான். சேரியில் தற்கொலைகள் நின்றுவிடுகின்றன. ஆனால் பெக்கர் இப்பொய்யை வெறுமனே போற்றவில்லை. பூட்டிய புகையிரதப் பெட்டிகளில் அடைபட்டோருக்கு அந்நற்செய்தியைச் சொல்லச் சென்ற ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். சுமை தாங்காது யாக்கோப் தன் நண்பன் கோவால்ஸ்கியிடம் உண்மையைக் கூறியதும் அவன் தூக்கிட்டுக்கொள்கிறான். பொய் சொன்னதற்கும் விலை உண்டு, அதை நிறுத்தியதற்கும் விலை உண்டு என்பதை இந்நாவல் ஒளிக்காது காட்டுகிறது.

பெக்கரின் வாழ்க்கையே இத்தகைய ஒரு பொய்யினால் வாய்த்தது. அவர் லோட்ஸ் நகரச் சேரியில் வளர்ந்த குழந்தை. சிறுபிள்ளைகளை அள்ளிச் செல்வார்கள் என்று அஞ்சிய தந்தை, மகனின் வயதைக் கூட்டிச் சொன்னார். போர் முடிந்தபின் மெய்யான பிறந்தநாள் தந்தைக்கே நினைவில்லை. ஒரு மனிதர் தம் பிறந்தநாளை அறியாமலே 1997இல் இறந்தார். உயிரைக் காத்த பொய், அவ்வுயிரின் தொடக்கத்தை விழுங்கிவிட்டது.

வீசலின் நூலிலும் இத்தகைய ஆறுதற் பொய் உண்டு. மனைவி மக்களைப் பற்றி ஏதேனும் தெரியுமா என்று கேட்டு வந்த உறவினர் ஒருவருக்கு, அவர்கள் நலமென்று தன் தாய்க்குக் கடிதம் வந்ததாகச் சிறுவன் பொய் சொல்கிறான். அம்மனிதர் அச்சொல்லை உண்டு சிலகாலம் வாழ்கிறார். லெவி 1986இல் எழுதிய இறுதி நூலோ இன்னும் ஆழத்துக்குச் செல்கிறது. அவரது உற்ற தோழர் அல்பேர்ட்டோ, தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வோரைக் கண்டிக்கும் தெளிந்த அறிவினர். அவருடைய தந்தை 1944இல் சாவுக்கெனத் தெரிவானபோது ஒரே நாளில் அவர் மாறிவிட்டார். இத்தெரிவு வேறு வகையானது, மெலிந்தோரை நலம்பெறும் முகாமுக்கு அனுப்பவே இது என்று நம்பத் தொடங்கினார். பின்னர் அல்பேர்ட்டோவும் மீளவில்லை. போருக்குப் பின் லெவி அவர் வீட்டுக்குச் சென்றபோது, அவர் ரஷ்யாவில் உயிரோடிருப்பதாகக் குடும்பத்தினர் நம்பிக்கொண்டிருந்தனர். உண்மையைக் கூறும் துணிவு லெவிக்கு இருக்கவில்லை. முகாமின் வேலி உடைந்த பின்னரும் முகாமின் பொய் தொடர்ந்தது என்பதை இப்பகுதி காட்டுகிறது. தம் மௌனத்தையும் சேர்த்தே லெவி பதிவு செய்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதுவரை கண்டவை தனிமனிதர் கூறிய பொய்கள். கைதிகளின் கூட்டுச் செயலாக அமைந்த பொய்களும் உண்டு. பூகன்வால்டில் அரசியற் கைதிகள், பெரும்பாலும் ஜேர்மன் கம்யூனிஸ்டுகள், குற்றவாளிக் கைதிகளோடு நெடுங்காலம் போராடி முகாமின் எழுத்து வேலைகளைத் தம் வசப்படுத்தினர். பேனாவும் பட்டியலும் அவர்கள் கையில் ஆயுதமாயின. 1944 சனவரியில் ஸ்பானிய மாணவர் ஹோர்ஹே செம்புறூன் அங்கு கொண்டுவரப்பட்டபோது, மாணவன் என்பது இங்கே ஒரு தொழிலன்று என்று எச்சரித்தார் பதிவு செய்த கைதி இலிகிதர். செம்புறூன் விட்டுக்கொடுக்கவில்லை. இலிகிதரோ அட்டையில் சுவர்ப்பூச்சு வேலைக்காரன் என்று எழுதிவிட்டார். அப்பொய்யைச் செம்புறூன் அறிந்தது 1992இல், ஏறத்தாழ அரைநூற்றாண்டு கழித்து. அதே முகாமில் 1944இல், தூக்கிலிடப்படவிருந்த நேசநாட்டு உளவாளிகளுள் ஸ்தெபான் ஹெஸ்ஸெல் உட்பட மூவர், டைபஸ் காய்ச்சலால் இறந்த கைதிகளின் பெயர்களை ஏற்று உயிர் தப்பினர். அதற்கு அவர்கள் அந்நோயாளிகள் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையாகக் கொள்ளத்தக்கது என்றார் வள்ளுவர். எம்மவர் இத்தகைய சிக்கல்களை அளக்கும் கோல் இதுவே. வயதைக் கூட்டிச் சொன்ன சிறுவனுக்கும் காய்ச்சலின் பெயரை மாற்றிய வைத்தியனுக்கும் இக்கோல் பொருந்தும். ஆனால் பட்டியலுக்குப் பொருந்துமா? எஸ்.எஸ். படை கேட்டது பெயர்களையன்று, எண்ணிக்கையை. 200 பேர் வேண்டுமென்றால் 200 பேர் போயே ஆகவேண்டும். ஒரு பெயரை அடித்தவன் இன்னொரு பெயரை எழுதியே தீரவேண்டும். குற்றமற்ற நன்மை செய்வதற்கான வாய்ப்பையே கைதிகளிடமிருந்து பறித்தது முகாம் அமைப்பு. அதன் ஆகக் கொடிய குற்றங்களுள் இதுவும் ஒன்று.

இங்கேதான் முற்போக்கு இலக்கியம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எழுகிறது. பூகன்வால்டில் எட்டாண்டு அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் எழுத்தாளர் புறூனோ அப்பிற்ஸ், அந்நாளைய கிழக்கு ஜேர்மனியில் 1958இல் 'ஓநாய்களிடையே நிர்வாணமாக' என்ற நாவலை வெளியிட்டார். பெட்டியொன்றில் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட யூதக் குழந்தையை அரசியற் கைதிகள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றுவதே கதை. முப்பதளவான மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது, 1963இல் திரைப்படமாயிற்று. தோழமையின் மாண்பைப் பாடிய அந்நூல் உலகெங்கும் முற்போக்காளரின் நெஞ்சைத் தொட்டதில் வியப்பில்லை. கதைக்கு அடிப்படையான குழந்தை மெய்யாகவே வாழ்ந்தது. ஸ்தெபான் யேர்சி ஸ்வைக் என்னும் மூன்று வயதுச் சிறுவன், தன் தந்தையோடு 1944 ஆகஸ்டில் பூகன்வால்டுக்கு வந்தான். செப்ரெம்பர் 25ஆம் திகதி 200 சிறுவர்களையும் இளைஞர்களையும் அவுஷ்விற்ஸுக்கு அனுப்பும் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. அப்பட்டியலில் 12 பெயர்கள் அடிக்கப்பட்டு, வேறு 12 பெயர்கள் எழுதப்பட்டன. அவனது இடத்தில் எழுதப்பட்ட பெயர் வில்லி புளூம். பதினாறு வயதான அவன் சிந்தி இனத்தவன், 'ஜிப்சி' என்று இழித்துரைக்கப்பட்ட மக்களில் ஒருவன். பட்டியலிலிருந்த தன் தம்பியைப் பிரிய மனமின்றி உடன் செல்ல அவன் கேட்டிருந்ததாக முகாம் ஆவணங்கள் காட்டுகின்றன. இருவரும் மீளவில்லை.

அப்பிற்ஸின் நாவலில் இப்பரிமாற்றம் இல்லை. குழந்தை காப்பாற்றப்படுகிறது, அதன் இடத்திற் சென்றவன் அங்கே இல்லை. நாவல் வரலாற்று ஆவணமன்று, ஆசிரியனுக்குத் தெரிவுரிமை உண்டு என்று சிலர் கூறலாம். அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் எதைத் தெரிந்தெடுத்தான், எதைத் தவிர்த்தான் என்பதைக் கொண்டே ஆசிரியனின் நோக்கை அறிகிறோம். பட்டியலில் வேறொரு பெயரை எழுத நேர்ந்த கம்யூனிஸ்ட் கைதியின் மனப்போராட்டத்தைச் சித்திரித்திருந்தால், அவனது வீரம் குறைந்திராது. மனிதனுக்குரிய பாரத்தோடு எம் முன் நின்றிருக்கும். வீரரைக் களங்கமற்றவராகக் காட்டும் ஆசையினால், அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய அமைப்பின் கொடுமையை நாவல் குறைத்துக் காட்டிவிட்டது. அன்றி, வில்லி புளூம் என்னும் ஏழை இளைஞன் இரண்டாம் முறையும் பட்டியலிலிருந்து நீங்கிப்போனான். அம்முறை இலக்கியத்தின் பட்டியலிலிருந்து.

இதற்கு நேரெதிரான வழியிற் சென்றவர் போலந்து எழுத்தாளர் ததேயுஷ் பொறோவ்ஸ்கி. 1943இல் அவுஷ்விற்ஸில் அடைக்கப்பட்ட அவர், போர் முடிந்த கையோடு எழுதிய கதைகளில், புகையிரதத்தில் வந்திறங்குவோரின் பாணையும் சப்பாத்துக்களையும் பெற்று வாழும் ஒரு கைதியைக் கதைசொல்லியாக்கினார். களவுக்கு முகாமில் 'ஒழுங்கு செய்தல்' என்று பெயர். அக்கதைசொல்லி சாவுக்குச் செல்வோரிடம் கடைசிவரை உண்மையைச் சொல்வதில்லை. அதுவே அங்கு எஞ்சிய இரக்கம் என்கிறான். அவனுக்குப் பொறோவ்ஸ்கி சூட்டிய பெயர் தம்முடைய பெயரே. மெய்யான முகாம் வாழ்வில் அவர் பிறர்க்கு உதவி வாழ்ந்தவர் என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர். தாம் செய்யாத இழிவையும் தம் பெயரில் ஏற்றுக்கொண்டார் அவர். உயிர் மீண்டவன் தன்னைப் பழியின் புறத்தே நிறுத்திக்கொண்டு கதை சொல்லக்கூடாது என்பது அவரது கொள்கை. அக்கதைகள் நம்பிக்கையற்றவை, ஒழுக்கத்தை மறுப்பவை என்று அந்நாளிற் பழிக்கப்பட்டன. 1951இல் தம் 28ஆம் வயதில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அப்பிற்ஸ் மனிதரை அவர்கள் இருந்ததினும் உயர்த்திக் காட்டினார். பொறோவ்ஸ்கி தம்மைத் தாம் இருந்ததினும் தாழ்த்திக் காட்டினார். இரண்டும் நிகழ்ந்ததிலிருந்து விலகியவையே. எனினும் முன்னையது வாசகனுக்கு ஆறுதல் தந்து அனுப்பிவிடுகிறது. பின்னையது, இத்தகைய அமைப்பு மீண்டும் எழுமாயின் நீ எவ்விடத்தில் நிற்பாய் என்று அவனைக் கேட்கிறது. கலையின் உண்மை எது என்று எம்மைக் கேட்பின், பின்னையதையே நாம் சுட்டுவோம். இவ்விரண்டுக்கும் இடையே, கூட்டாமலும் குறைக்காமலும், யார் எதைச் சொன்னார் என்று எழுதிய லெவியின் வழி அரியது. பின்வருவோர்க்கு உகந்ததும் அதுவே.

இவை வெறும் இலக்கியச் சர்ச்சைகள் அல்ல. நச்சுவாயு அறைகளே இருக்கவில்லை என்று எழுதியவரான டேவிட் இர்விங், தம்மை விமர்சித்த வரலாற்றாசிரியர் டெபோறா லிப்ஸ்ராட் மீது தொடுத்த வழக்கில், 2000 ஏப்ரலில் இலண்டன் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சான்றுகளைத் திரித்தவர் அவரே என்று நீதிபதி கண்டார். எனினும் அவ்வகையினர் ஓய்ந்துவிடவில்லை. மீண்டவர் ஒருவரின் அட்டையில் வயது பிழை, தொழில் பிழை என்று துருவித் துருவிக் காட்டுவது அவர்களது வழக்கம். பிழை அங்கே ஏன் வந்தது என்பதை மக்கள் அறிந்திருந்தால் அவர்தம் தந்திரம் பலிக்காது. கேர்ட்டெஸின் பதிவிலுள்ள 1927 என்னும் பொய், அந்நாளில் 14 வயதுக் குழந்தையை என்ன செய்தார்கள் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி. புனிதராக்கப்பட்ட கைதியின் கதையோ முதற் பிழையைச் சுட்டியதுமே ஆட்டங்காணும். துன்புற்றோரைக் காப்பதாக எண்ணி அவர்களது பொய்களை மறைப்போர், அறியாமலே பகைவர் கையில் ஆயுதம் கொடுக்கின்றனர்.

மீண்டவர்களுட் பலர் அன்று பொய் சொன்னதனால் உயிர் பிழைத்தனர். பிழைத்தபின், அன்று பொய் சொன்னோம் என்ற உண்மையையும் எழுதினர். அவ்வாறு எழுத எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நிற்கும் எழுத்தாளன் அவர்களிடமிருந்து கற்கவேண்டியது இந்நேர்மையையே. அப்பக்கம் நிற்பதனால் அவன் அவர்களைத் தேவர்களாக்க வேண்டியதில்லை. அவர்கள் பசித்த மனிதர்கள், அஞ்சிய மனிதர்கள், ஒருவரையொருவர் தாங்கியும் சில வேளைகளில் தள்ளியும் வாழ நேர்ந்த மனிதர்கள் என்று முழுமையாகக் காட்டுவதே, அவர்களை அந்நிலைக்கு உள்ளாக்கிய அமைப்பின் மீது சுமத்தக்கூடிய மிக வலிய குற்றச்சாட்டாகும்.